கூடைக்கயிறு பதிந்த தலை

மலையில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணை மேலிருந்து கீழாகப் பாருங்கள். தலையில் நாலாக மடித்த துணி, அதன்மேல் கூடைக்கயிறு. மழை நாளென்றால் துணிக்குப் பதிலாகத் தலையை மூடிக் கொங்காணி போட்ட கம்பளி. இடுப்பைச் சுற்றிப் படங்கு, படங்கு நழுவாமல் இருக்க அதற்கொரு கட்டு. முந்திய தலைமுறையில் அது கோணிச்சாக்கு. இப்போது உரச்சாக்கும் றப்பர் சீட்டும். படங்குக்கு உள்ளே வேலைக்கென்று ஒதுக்கிய பழைய சேலை. கழுத்தில் மஞ்சள்கயிறு. மணிக்கட்டில் போன மாதம் கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக்கயிறு. சணலும் கம்பளியும் பருத்தியும் நைலோனும் சேர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும் உடம்பு அது. கல்லும் வெண்கலமும் எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு உரியவை. மனிதருக்கு உரியது நார்தான். மலையகத்து லிந்துலையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சிற்பம் என்றால் முதலில் கண்ணில் நிற்பது இந்த உடம்பு.

சில வருடங்களாக இந்த நார்களைக் கொண்டு உருவங்கள் செய்துவருகிறேன். விற்பதற்காகச் செய்யவில்லை. கூடைப்பின்னல், குரோஷே என்று தோட்டங்களில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சுயதொழில் பயிற்சிகளில் இது சேராது; அவற்றின்மேல் எனக்கு மரியாதை உண்டு, அவற்றால் அடுப்பெரியும் வீடுகளை அறிவேன். நான் சொல்லவருவது வேறொன்று. மனம் கலங்கிக் கிடந்த ஒரு காலத்தில், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டியிருந்த காலத்தில், கைக்கு வந்த வேலை இது. கொழுந்து மடுவத்துத் தராசில் ஏறாத, செக்ரோல் பேர்ப்பதிவில் ஏறாத, யாருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டாத பொருள்.

அந்தக் காலத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. லயத்தில் ஒருவர் தூங்காமல் இருப்பதை மறைக்க முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எழாது. புரண்டு படுத்தால் அடுத்த காம்பராவில் இருமல் கேட்கும். விடிந்ததும் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கெல்லாம் என் இரவு தெரிந்திருக்கும். அம்மா முதலில் குறிசொல்லும் கோடங்கியிடம் கூட்டிப்போனார். கயிறு கட்டினார்கள். பிறகு கிளினிக். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பெண்களும் நானும் டொக்டரிடம் ஒன்றையேதான் சொன்னோம்: "தலை பாரமா இருக்குங்க." தலைப்பாரம், நெஞ்செரிவு, கைகால் ஓய்ச்சல். மலையகத்தில் மனதின் வலி உடம்பின் வழியாகத்தான் வாசலுக்கு வரும். மாத்திரை கொடுத்தார்கள், அது உதவியது. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். மருந்தை விட்டுவிட்டுக் கைவேலை செய்யச் சொல்லும் கட்டுரை அல்ல இது. தூக்கம் திரும்பிய பிறகும் தலைப்பாரம் என்று நான் சொன்னது எதை என்ற கேள்வி நின்றது. அதைக் கையால் செய்துபார்க்கலாம் என்று தோன்றியபோது எனக்கு நினைவு வந்தது அம்மாவைப் பெற்ற அம்மாயியின் தலை.

அம்மாயியின் உச்சந்தலையில் ஒரு பள்ளம் இருந்தது. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அதில் போய் உட்காரும். கூடைக்கயிறு நாற்பது வருடம் உட்கார்ந்த இடம். அங்கே முடி மெலிந்து தோல் பளபளப்பாக இருக்கும், ஓரங்களில் மட்டும் நரைமுடி அடர்ந்திருக்கும். அவர் அதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. காதோரத்து மச்சத்தைப் போல, பிறக்கும்போதே கூடவந்த அடையாளம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கயிறு படுத்துக்கிடக்கும் பொருள், அது எப்படி எழுந்து நிற்கும்? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் சிற்பி மிருணாளினி முகர்ஜி. 1949இல் மும்பையில் பிறந்தவர். தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி சாந்திநிகேதனின் பெரும் ஓவியர், தாய் லீலா சிற்பி. பரோடாவில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் படித்துவிட்டு, 1970களின் தொடக்கத்திலிருந்து சணல் வகைக் கயிற்றைச் சாயம் தோய்த்து, தறி இல்லாமல், முன்கூட்டி வரைந்த படமும் இல்லாமல், முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்களை எழுப்பினார். சிலவற்றுக்கு யட்சிகளின், வனதேவதைகளின் பெயர். அவற்றில் முகமென்று தனியாக ஒன்று இராது. மடிப்புகள், தொங்கல்கள், திறந்த வாய் போன்ற குழிகள் மட்டும். நான் அச்சிலிருந்த படங்களில்தான் அவற்றைப் பார்த்தேன். படத்திலேயே அவை ஆளைப் போல நின்றன. அவருடைய தந்தைக்கு 1950களின் பிற்பகுதியில் கண்பார்வை முற்றாகப் போனது. அதன்பிறகும் தடவித் தடவிக் காகிதம் வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தவர் அவர். அந்த வீட்டில் வளர்ந்த மகள், விரலையே நம்பி ஒரு கலையை உண்டாக்கினார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 2015இல் டெல்லியில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019இல் நியூயோர்க்கில் அவை காட்சிக்கு வந்தபோதுதான் உலகம் பெரிதாகப் பேசியது. மனநோய் அவருடைய பொருள் அல்ல; அதை அவர்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. சாக்குக் கட்டவும் மாடு கட்டவும் வைத்திருக்கும் கயிற்றை நிமிர்ந்து நிற்க வைக்கலாம் என்று அவர் காட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

என் உருவத்துக்கு எலும்பாக எடுத்துக்கொண்டது மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குச் சுமந்துவரும் தேயிலைக் கொம்பு. முறுக்கேறி, முண்டு முண்டாக, வருடக்கணக்கில் வெட்டுப்பட்டு வளர்ந்த தடங்களோடு இருக்கும். எந்த இரண்டும் ஒன்றுபோல் வளைந்திராது. அவற்றைக் கட்டித் தோளும் கழுத்தும் நிறுத்தினேன். பிறகு கோணிச்சாக்குக் கயிறு. கயிறு என்றதும் எங்கள் லயங்களில் மனம் எங்கே போகும் என்பதை நான் அறிவேன். எங்கள் வரிசையிலேயே அப்படி ஒரு காம்பரா உண்டு. அதனால் கயிற்றைக் கயிறாக நான் தொடுவதில்லை. முதல் வேலை முறுக்கைப் பிரிப்பது. எதிர்ப்பக்கமாகத் திருகினால் மூன்று புரியும் விலகும். ஒவ்வொரு புரியையும் மறுபடி பிரித்தால் பொன்நிற நாராக மடியில் கொட்டும். தூசு மூக்கில் ஏறும், பழைய மாவின் வாசம் வரும். ஒரு மாலை முழுவதும் பிரித்தாலும் ஒரு கைப்பிடிதான் சேரும். அந்த மாலைகளில் நான் வேறெதையும் நினைத்ததில்லை என்று சொல்லமாட்டேன். நினைத்தேன். நினைப்பு நாரோடு சேர்ந்து பிரிந்துகொண்டிருந்தது.

சாயத்துக்குத் தேயிலைத்தூள். கொதித்த சாயத்தில் நாரை ஊறவைத்தால் மண்ணின் பழுப்பு வரும். அதே சட்டியில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஓரிரவு விட்டால் சாம்பல் ஏறிக் கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. தலைக்கு மட்டும் கம்பளி. அம்மாயி கொங்காணி போட்டிருந்த கம்பளி, மழையும் வெயிலும் புகையும் ஏறித் தடித்து, தோலைப் போலாகிவிட்டிருந்தது. கத்தரிக்கோலுக்கு மசியவில்லை. கவ்வாத்துக் கத்தியால் அறுத்துத் துண்டுகளாக்கி, பழஞ்சேலைத் திரணையின்மேல் இறுக்கித் தைத்தேன்.

பள்ளம்தான் கைக்கு வரவில்லை. கல்லிலென்றால் செதுக்கிவிடலாம். நாரில் செதுக்க எதுவும் இல்லை, இழுத்துத்தான் உண்டாக்க வேண்டும். உச்சியிலிருந்து உள்வழியாக ஒரு புரியைக் கோத்து, கழுத்துக்குக் கீழே இறக்கி, முனையில் ஆற்றுக்கல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். கல் தொங்கத் தொங்க உச்சி மெல்ல அமிழ்ந்தது. நாலைந்து நாளில் விரல் உட்காரும் ஆழம் வந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கல் தெரியாது. தலை அமிழ்ந்திருப்பது மட்டும் தெரியும்.

அடுத்த காம்பராப் பெரியம்மா ஒருநாள் இஸ்தோப்பில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்னா புள்ள, சாமி செலையா?"

"இல்ல பெரியம்மா. ஆள்தான்."

கிட்ட வந்து உச்சியில் கையை வைத்தார். விரலால் தடவினார். பிறகு தன் தலையைத் தடவினார்.

"கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு. கயிறு அங்கின ஒக்காராது. அங்கின ஒக்காந்தா கழுத்து முறிஞ்சிரும்."

அவர் காட்டிய இடத்துக்குப் பள்ளத்தை மாற்றினேன். அவர் சொன்னது சரி. கழுத்தின் சாய்வே மாறிவிட்டது, உருவம் சுமப்பதைப் போல நின்றது. இத்தனை காலம் அந்தப் பெரியம்மாவிடம் எத்தனை றாத்தல், எத்தனை கிலோ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கயிறு தலையில் எங்கே உட்காரும் என்று கேட்டவர் இல்லை. அவருக்கு அது விரலளவு சுத்தமாகத் தெரிந்திருந்தது. மறுநாள் தன்னுடைய பழைய கம்பளியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவரும் ஏதோ சுற்ற ஆரம்பித்திருக்கிறார். என்னவென்று நான் கேட்கவில்லை.

கல்லை அவிழ்த்துப் பார்த்ததும் உண்டு. உச்சி கொஞ்சம் மேலே வந்தது. முழுதாக வரவில்லை.

எங்கள் முன்னோர் கண்டிச்சீமைக்கு வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் உடைமை இந்தக் கம்பளிதான். அதுவும் இனாமாக அல்ல. வழிச்செலவும் கம்பளியின் விலையும் கடனாகப் பேரேட்டில் ஏறும். கடனோடு ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்தது. பெயருக்கு அதில் இடம் இல்லை.

இதை எழுதும்போது ஜெர்மனியில் ஒரு சட்டை நினைவுக்கு வருகிறது. அக்னஸ் ரிக்டர் தையல்காரி. 1895இல் அவரை ஹூபர்ட்டுஸ்புர்க் மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். 1918இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. விடுதியில் கொடுத்த முரட்டுத் துணியை வெட்டித் தனக்கொரு மேற்சட்டை தைத்தார். அதன் உள்ளும் புறமும் வண்ண நூலால் பழைய ஜெர்மன் எழுத்தில் தன்னைப் பற்றியே எழுதித் தைத்தார். உடுத்தி உடுத்தி, வியர்வையும் உராய்வும் பட்டு, பெரும்பகுதி இன்று வாசிக்க முடியாதபடி மங்கிவிட்டது. உள்பக்க எழுத்து அவருடைய தோலோடு கிடந்தது. வாசிக்க முடிகிற சிலவற்றில் ஒன்று விடுதி அவருக்குக் கொடுத்த 583 என்ற எண். இன்று ஹைடல்பேர்க்கின் பிரின்ஸ்ஹோர்ன் சேகரிப்பில் அந்தச் சட்டை இருக்கிறது. தனக்குக் கொடுத்த எண்ணைத் தன் கையாலேயே தைத்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த எண்ணை அவர் மறைக்கவில்லை, தன் சொற்களுக்கு நடுவில் அதையும் ஒரு சொல்லாக உட்கார வைத்தார். தகர வில்லையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடல்கடந்து வந்த ஒருத்திக்கு ஊசியும் நூலும் ஓய்வும் கிடைத்திருந்தால் என்ன தைத்திருப்பாள் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பிரேசிலில் ஆர்தர் பிஸ்போ தோ ரொசாரியோ என்பவர் ஏறக்குறைய அரை நூற்றாண்டை மனநோய் விடுதிகளில் கழித்தார். நூல் வாங்க வழியில்லை. விடுதியின் நீலச் சீருடைகளைப் பிரித்து அந்த நூலால் தைத்தார். அவருடைய புகழ்பெற்ற மேலங்கி ஒரு போர்வையிலிருந்து உருவானது; உட்பக்கம் முழுக்கப் பெயர்கள். 1989இல் இறந்தார், 1995இல் வெனிஸ் கண்காட்சியில் அவருடைய நாடு அவரைத் தன் கலைஞராக முன்னிறுத்தியது. உரச்சாக்கைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த நீல நூல் எனக்கு ஞாபகம் வரும்.

ஜூடித் ஸ்கொட் இன்னும் நெருக்கமானவர். 1943இல் அமெரிக்காவில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது, கேட்காது என்பதையே வெகுகாலம் யாரும் கவனிக்கவில்லை. ஏழு வயதிலிருந்து முப்பத்தைந்து வருடம் விடுதிகளில். இரட்டைச் சகோதரி மீட்டெடுத்து வந்து, 1987இல் ஓக்லாந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு கலைக்கூடத்தில் சேர்த்தார். அங்கே அவர் கையில் கிடைத்த பொருளையெல்லாம் நூலாலும் துணியாலும் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி, மேலும் சுற்றி, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத பெரிய கூடுகளாக ஆக்கினார். 2005இல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார். ஒரு சொல்லும் பேசாதவர். உள்ளே ஒளித்து வைத்தது அவருடைய உரிமை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே அறையில் மூன்று தலைமுறை வாழும் லயத்தில் பெண்ணுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றாவது உண்டா? நான் செய்த உருவங்களில் ஒன்றுக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அது என்ன என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இங்கேயும் எழுதப்போவதில்லை.

இனி, என்னை வெகுநாளாக அரிக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையகம் 'நாங்கள்' என்று பேசப் பழகிய சமூகம். பழக வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களை ஒட்டுமொத்தமாக நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் நாங்கள் இலட்சக் கணக்கில் பங்கிடப்பட்டோம்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மொத்தமாகப் பறித்ததை மொத்தமாக நின்றுதான் கேட்க முடியும். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை முதல் இன்று எழுதும் இளைஞர்வரை எங்கள் எழுத்தின் முதுகெலும்பு அந்த 'நாங்கள்'. 2023இல், முன்னோர் வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களும் அந்தச் சொல்லைத்தான் காலால் எழுதினார்கள். அதில் ஒரு எழுத்தையும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆனால் ராத்திரி மூன்று மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்திருப்பது 'நாங்கள்' அல்ல. அது ஒருத்தி. அவளுடைய பயத்தின் காரணம் சம்பளப் போராட்டத்தில் அடங்காது, காணி உரிமையில் அடங்காது. அவை கிடைத்தாலும் அந்தப் பயம் இருக்கலாம். அவளுக்கென்று ஒரு மனம் உண்டு என்பதைச் சொல்ல எங்கள் பண்பாட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஒப்பாரி. செத்தவரைக் கட்டிக்கொண்டு அழும்போது ஒரு பெண் தன் கதையை, தன் புருஷனை, தன் பிள்ளையை, தனக்கு நடந்ததைத் தன் குரலில் சொல்லலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. சாவு இல்லாத நாளில் அவள் எங்கே போய்ச் சொல்வாள்?

இந்த உருவங்களை நான் சொல்வது அந்த இடத்துக்காக. மலையகத்தின் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் தேத்தண்ணி வடிகளையும் கொண்டு படைக்கிறார். கண்டியில் பிறந்த ஹேமா சிரோனி வீடு, இடப்பெயர்வு பற்றித் துணியில் தைக்கிறார். வன்னியின் வினோஜா தர்மலிங்கத்தின் துணிப்பரப்புகளில் போர்நிலத்தின் தழும்புகள் தையலாக ஓடுகின்றன. நாரையும் ஊசியையும் இந்தத் தலைமுறைப் பெண்கள் கலையின் மையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள். மலையகத்துப் பெண்ணின் கையிலிருந்து வரும் எதையும் சமூகத்தின் துயரம் என்று உடனே பெயரிட்டுவிடாதீர்கள். அம்மாயியின் தலைப்பள்ளம் தோட்டத்தின் வரலாறுதான். அதை விரலால் தொட்டு வளர்ந்த பேத்தியின் தூக்கமின்மை அந்த வரலாற்றின் எடுத்துக்காட்டு அல்ல. அது அவளுடையது. ஒரு பெண்ணின் வேதனையைக்கூட எல்லோருடையதாக்கி எடுத்துக்கொண்டால் அவளிடம் மிஞ்சுவது என்ன?

மனநலம் பற்றிப் பேசும் அதிகாரிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் இலங்கையில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். உலகிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில் அது பாதிக்கும் கீழே இறங்கியது. இந்த நாடு செய்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன். தோட்டங்களில், மருந்தடிக்கும் கொட்டில்களுக்குப் பக்கத்தில் வாழ்கிற எங்களுக்கு அதன் அருமை தெரியும். கைக்கெட்டும் தூரத்திலிருந்த நஞ்சை எடுத்தீர்கள். அந்தக் கைக்குப் பிறகு எதைக் கொடுத்தீர்கள்? மாதம் ஒருமுறை கிளினிக், ஐந்து நிமிடம், மாத்திரைச் சீட்டு. கிளினிக்குக்கு வர அரைநாள் வேலை போகும். வந்தால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேச்சாகும். அதனால் வராமலே இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் இராது.

என் அனுபவத்தில் நார்வேலை நோயைத் தீர்க்கவில்லை. கெட்ட மாதங்கள் இப்போதும் வருகின்றன. வரும்போது கையில் ஒரு வேலை பாதியில் நிற்கிறது. நேற்று விட்ட முடிச்சுக்கு அடுத்த முடிச்சு எதுவென்று விரலுக்குத் தெரிகிறது. சில நாட்களில் நேற்றையும் இன்றையும் சேர்த்துப் பிடித்தது அது ஒன்றுதான். உருவம் மெல்ல என் உயரத்துக்கு வந்து எதிரில் நிற்கும்போது, எனக்குள்ளே கிடந்து அமுக்கிய ஒன்று வெளியே நிற்கிறது. அதைச் சுற்றி நடக்கலாம். பின்பக்கத்தைப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் பிரிக்கலாம், நான் ஒன்றை முழுதாகப் பிரித்து நாராக்கியிருக்கிறேன், அதில் வருத்தம் இல்லை. காமன் கூத்தில் ஊன்றிய காமனை எரிப்பார்கள், பிறகு மறுபடி பிறப்பான் என்று நம்புவார்கள். பிரித்த நாரும் அடுத்த உருவத்துக்குத்தான் போனது.

கம்பளை, பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 2007இலிருந்து நடக்கிறது. எங்கள் பாட்டன் பாட்டியரின் பாவனைப் பொருட்கள் அங்கே பத்திரமாக இருப்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் எல்லாப் பொருளும் கண்ணாடிக்கு உள்ளே போக வேண்டியதில்லை. சில கம்பளிகள் இன்னும் கைகளுக்கு வேண்டும்.

லிந்துலையிலும் தலவாக்கலையிலும் அக்கரப்பத்தனையிலும் இருக்கிற ஆசிரியர்களிடம், தாதியரிடம், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பாடசாலையிலோ, கிளினிக்கிலோ, கோயில் மண்டபத்திலோ மாதத்தில் ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவையுங்கள். பழைய சேலை, சாக்கு நார், கம்பளித் துண்டுகளைப் போட்டுவையுங்கள். கூட ஒருவர் இருங்கள். என்ன செய்கிறாய் என்று கேட்காதீர்கள், எவ்வளவுக்கு விற்கும் என்றும் கேட்காதீர்கள், கண்காட்சி வைக்க அவசரப்படாதீர்கள். செய்தவர் காட்ட விரும்பினால் காட்டட்டும். மனம் தாங்காத இரவென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம் என்பதை அந்த அறையின் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவையுங்கள்.